'ஒண்ணும் இல்லீங்க' என்று சொன்ன ஊர்

போன தை முகூர்த்தத்துக்குச் சேலை எடுக்கச் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. கடைக்குப் போகாமல் தறிக்காரர் வீட்டுக்கே வந்து எடுக்கிறவர்கள் ஆரணியில் இன்றும் உண்டு. பெண்கள் பாயில் உட்கார்ந்து கரையையும் முந்தியையும் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட வந்த பெரியவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். அவர் மனம் சேலையில் இல்லை. திண்ணையில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தவர், திரும்பி என்னிடம் கேட்டார்.

"தம்பி, இங்க கோட்டை ஒண்ணு இருக்குதாமே? பக்கமா? ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரலாமா?"

நான் சேலையை மடித்தபடியே சொன்னேன்: "கோட்டையில ஒண்ணும் இல்லீங்க ஐயா. கவர்மென்ட் ஆபீசுங்க இருக்குது, மைதானம் இருக்குது, கோயில் இருக்குது. பாக்கறதுக்குன்னு ஒண்ணும் இல்லீங்க."

"கிளைவ் சண்டை போட்ட எடம்னு பசங்களுக்குப் பாடம் நடத்தியிருக்கேன். அதான் கேட்டேன்" என்றார். மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. சேலைகளோடு காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

தறிமேடை ஓரத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் மகள் தலை நிமிர்ந்தாள். "கிளைவ் நம்ம ஊருக்கு வந்தாராப்பா? எங்க நின்னு சண்டை போட்டாங்க?"

எனக்குத் தெரியவில்லை. இதே ஊரில் பிறந்து, இதே ஊரில் தறி ஓட்டி, கோட்டை மைதானத்தில் பந்து விளையாடி வளர்ந்தவன் நான். அப்பாவைக் கேட்டேன். "கோட்டைன்னா கோட்டைதான், அதுல என்ன கதை?" என்றார். பக்கத்து வீட்டில், பால் கடையில், கூட்டுறவுச் சங்கத்து வாசலில் என்று அடுத்த சில நாட்கள் கேட்டுக்கொண்டே போனேன். பதில் ஒன்றுதான்: அங்க ஒண்ணும் இல்லை. ஓர் ஊரே சேர்ந்து ஒரே பொய்யை, பொய் என்று தெரியாமலேயே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். அந்தப் பொய்க்கு நானும் பொறுப்பு. அதை ஒப்புக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

அங்கே என்ன இருந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இழந்தது என்னவென்று தெரியாமல் குற்றத்தை ஒப்புக்கொள்வதில் பொருள் இல்லை.

கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிற நம் ஊர், படைகள் நடந்த பாதையில் அமைந்த ஊர். மேற்கே ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கிற படவேட்டுக்குப் பெயரே படைவீடு. சம்புவராயர்கள் அங்கிருந்து ஆண்டார்கள். 14-ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்துக் குமார கம்பணன் அவர்களை வென்றான். 17-ஆம் நூற்றாண்டில் பீஜப்பூர்ப் படையோடு தெற்கே வந்த ஷாஜி போன்ஸ்லே, சிவாஜியின் தந்தை, தன்னோடு வந்த வேதாஜி பாஸ்கர் பந்த் என்பவருக்கு ஆரணியை ஜாகிராகக் கொடுத்தார். அந்த வழியில் வந்தவர்கள்தான் ஆரணி ஜாகிர்தார்கள். சத்திய விஜய நகரமும் அங்குள்ள அரண்மனையும், பூசிமலைக்குப்பம் காட்டுக்குள் நிற்கிற மாளிகையும் அவர்கள் காலத்து நினைவுகள்.

ஊரின் நடுவே கோட்டை. சுற்றிலும் அகழி. தோண்டிய மண்ணையே உள்பக்கம் கொட்டி மேடாக உயர்த்துவது அந்தக் காலத்துக் கோட்டை வேலை. பீரங்கிக் குண்டு கருங்கல்லில் பட்டால் கல் சிதறும். மண்மேட்டில் பட்டால் புதைந்துபோகும். அகழியில் தண்ணீர் நின்றால் குதிரை பாய முடியாது, ஏணி சாத்த முடியாது. மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைக்கவும் முடியாது, தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். ஒரு குழியும் ஒரு மேடும்தான். ஆனால் பெரும்படைகளை வாசலிலேயே நிறுத்திவைக்கிற அளவுக்குக் கணக்குப் போட்டு வெட்டிய குழி அது.

அந்தக் கணக்குக்கு 1751-இல் சோதனை வந்தது. ஆற்காட்டுக் கோட்டையை 50 நாள் முற்றுகையிட்டுத் தோற்றுப் பின்வாங்கிய ராஜா சாகிப், சந்தா சாகிபின் மகன், நம் ஊர்ப் பக்கம் வந்து பிரெஞ்சுத் துணைப்படையோடு சேர்ந்துகொண்டார். அவரைத் துரத்தி வந்தார் ராபர்ட் கிளைவ். அப்போது கிளைவுக்கு 26 வயது. அவரிடம் சுமார் 200 ஆங்கிலேயர்களும் 700 சிப்பாய்களும் இருந்தார்கள். முராரி ராவ் அனுப்பிய மராத்தியக் குதிரைவீரர்கள் 600 பேர் வந்து சேர்ந்தார்கள். எதிரே 300 பிரெஞ்சுக்காரர்கள், 2,500 சிப்பாய்கள், 2,000 குதிரைகள்.

டிசம்பர் 3-ஆம் தேதி சண்டை. டிசம்பரில் நம் பக்கத்து வயல்கள் எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முழங்கால் அளவு சேறு. கிளைவ் ஒரு பக்கம் பனந்தோப்பில் மராத்தியர்களை நிறுத்தினார். இன்னொரு பக்கம் ஒரு கிராமத்தில் சிப்பாய்களை நிறுத்தினார். நடுவில் சேற்று வயல், அதன் குறுக்கே ஓர் உயர்ந்த கரைப்பாதை. எதிரிகள் வயலில் இறங்க முடியாமல் அந்தக் கரைப்பாதையிலேயே நெருக்கியடித்து வந்தார்கள். பீரங்கி அவர்களை அங்கேயே பிடித்தது. எண்ணிக்கையில் பெரிய படை தோற்றது. நம் நெல்வயல் தீர்த்துவைத்த சண்டை என்று சொன்னாலும் தப்பில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டியது. வெளியில் வென்ற கிளைவ், கோட்டைக்கு ஆள் அனுப்பினார். கோட்டைத் தலைவர் ராஜா சாகிப் விட்டுப்போன மூட்டைகளையும் குதிரைகளையும் கொடுத்தார். இனி ஆங்கிலேயர் ஆதரித்த நவாப் முகமது அலி பக்கம் என்று உறுதியும் சொன்னார். கோட்டையை மட்டும் கொடுக்கவில்லை. மதிலைப் பிளக்கிற பெரும்பீரங்கி கிளைவிடம் இல்லை. அவர் அப்படியே புறப்பட்டுப் போனார். பின்னால் வங்காளத்தையே வாங்கப்போகிற மனிதர், நம் ஊர் அகழிக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

31 ஆண்டுகள் கழித்து மறுபடியும். இரண்டாம் மைசூர்ப் போரில் ஹைதர் அலி ஆரணியைப் பிடித்துத் தன் படைக்கான சரக்குக் கிடங்காக வைத்திருந்தார். அந்தக் கிடங்கைக் குறிவைத்து ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட் வந்தார். 1782 ஜூன் 2-ஆம் தேதி நம் ஊருக்கு வெளியே இரு படைகளும் மோதின. வெற்றி யாருக்கு என்று தெளிவாகச் சொல்ல முடியாத சண்டை. கோட்டை கூட்டின் கைக்குப் போகவில்லை. அந்த வருஷம் டிசம்பரிலேயே சித்தூர்ப் பக்கத்துப் பாளையத்தில் ஹைதர் இறந்தார். அடுத்த ஏப்ரலில் சென்னையில் கூட் இறந்தார். 1790-இல், மூன்றாம் மைசூர்ப் போரின் தொடக்கத்தில், ஆரணியில் திரண்டிருந்த படைக்குத் தலைமை தாங்கிய கர்னல் ராபர்ட் கெல்லி இறந்துபோனார். அவர் நினைவுக்கு எழுப்பிய தூணைத்தான் நாம் யாருக்கோ எதற்கோ என்று கடந்து போய்க்கொண்டிருந்தோம்.

மூன்று போர்களின் தடம் பதிந்த இடத்தைத்தான் 'ஒண்ணும் இல்லீங்க' என்று சொன்னேன்.

இங்கே நம்மோடு ஒப்பிட்டுப் பார்க்க இங்கிலாந்திலிருந்து ஒரு செய்தி சொல்ல வேண்டும். 1940-இல் பிரான்ஸ் விழுந்ததும், ஹிட்லரின் படை எந்த நாளும் கடலைத் தாண்டி வந்துவிடும் என்று அந்த நாடு நடுங்கியது. டாங்கிகளை மறிக்கச் சந்தை ஊர்களின் ஓரத்திலும் ஆற்றுப் பாலங்களிலும் கான்கிரீட் கட்டைகளை வரிசையாக நட்டார்கள், பள்ளங்கள் வெட்டினார்கள், துப்பாக்கி நீட்டச் சிறு காவலறைகள் கட்டினார்கள். ஃபார்ன்ஹாம் என்ற சந்தை ஊருக்கு அருகில், வேவர்லி மடாலய இடிபாடுகளை ஒட்டி அப்படிப்பட்டவை இன்றும் நிற்கின்றன. எதிரி வரவே இல்லை. ஒரு டாங்கிகூட அந்தக் கட்டைகளில் வந்து மோதவில்லை. பார்வைக்கு அழகும் கிடையாது, வெறும் சிமென்ட்.

ஆனாலும் 1995-இல் தொடங்கி ஆறேழு ஆண்டுகள் நூற்றுக்கணக்கான சாதாரண மக்கள் ஓய்வு நேரத்தில் வயல் வயலாக நடந்து அவற்றைத் தேடிப் பதிவு செய்தார்கள். ஏறக்குறைய 20,000 இடங்கள் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. முட்புதருக்குள் கிடந்த கட்டையைக்கூட எங்கே இருக்கிறது, என்ன அளவு, என்ன நிலை என்று எழுதி வைத்தார்கள்.

அவர்கள் கட்டை ஒரு சண்டையையும் பார்க்கவில்லை. நம் அகழி இரண்டு பெரும் சண்டைகளைப் பார்த்தது. அவர்கள் கணக்கெடுத்தார்கள். நம் கோட்டைக்கு எத்தனை கொத்தளம் இருந்தது, அகழி எந்தத் தெருவில் தொடங்கி எந்தத் தெருவில் முடிந்தது என்று கேட்டால் நம்மில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? பணமும் ஆராய்ச்சிப் பட்டமும் கேட்கிற வேலை இல்லை அது. காலில் செருப்பும் கையில் ஒரு நோட்டும் போதும். அதைக்கூட நாம் செய்யவில்லை.

ஏன் செய்யவில்லை என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். ஊர்க்காரர்களிடம் பேசியபோது வந்த சமாதானங்களும் எனக்குள் எழுந்தவைதான். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன்.

முதல் சமாதானம்: அது வெள்ளைக்காரன் சண்டை, நவாப் சண்டை, நமக்கு என்ன? இதை நான் வெகுநாள் நம்பியிருக்கிறேன். ஆனால் 1751-இல் கிளைவ் பக்கத்தில் செத்தவர்கள் யார் என்று பார்த்தபோது அந்த நம்பிக்கை போய்விட்டது. விழுந்தவர்கள் சிப்பாய்களும் மராத்தியர்களும். எதிர்ப்பக்கத்திலும் பெரும்பகுதி இந்த மண்ணின் ஆட்கள்தான். கூலிக்காக இரண்டு பக்கமும் நின்று ஒருவரையொருவர் கொன்றுகொண்டவர்கள். அவர்கள் மிதித்த பயிர் நம் பாட்டன் பூட்டன் பயிர். 1780-இல் ஹைதரின் படை நவாபின் கர்நாடகச் சீமையில் இறங்கியபோது எரிந்த கிராமங்களும், குழந்தை குட்டியோடு ஓடியவர்களும் இந்தப் பக்கத்து மக்கள். கர்னலுக்குத் தூண் இருக்கிறது. அந்தச் சிப்பாய்களுக்குப் பெயர் எழுதிய ஒரு கல் கிடையாது. அவர்களுக்கு இருந்த ஒரே நினைவுச்சின்னம் அந்த அகழியும் மேடும்தான். அதையும் நாம் தூர்த்துவிட்டு 'வெள்ளைக்காரன் சண்டை' என்கிறோம். வெள்ளைக்காரனைத் தண்டிப்பதாக நினைத்துக்கொண்டு நம்மவர்களை மறந்திருக்கிறோம்.

இரண்டாவது சமாதானம்: வயிற்றுப்பாட்டுக்கே நேரம் இல்லை. இதில் உண்மை இருக்கிறது, மறுக்கமாட்டேன். பட்டுநூல் விலை ஏறுகிறது, கூலி ஏறுவதில்லை. விசைத்தறிச் சேலை கைத்தறி என்ற பெயரில் விற்கிறது. பிள்ளைகள் தறியில் உட்கார மறுத்துச் செய்யாறு சிப்காட்டுக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போகிறார்கள். அரிசி ஆலைக்காரர்களுக்கும் வியாபாரிகளுக்கும் அவரவர் கஷ்டம். ஆனால் நேரமே இல்லாதவர்களா நாம்? ஆடி வெள்ளிக்குப் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போக நேரம் கிடைக்கிறது. விடுமுறை நாளில் பிள்ளைகளை வேலூர்க் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம். தண்ணீர் நிற்கிற அந்த அகழியைப் பார்த்து வியக்கிறோம், 1806 ஜூலை 10-ஆம் தேதி சிப்பாய்கள் அங்கே எழுந்த கதையைப் பெருமையாகச் சொல்கிறோம். ஊருக்கு வந்து நம் அகழிப் பள்ளத்தில் குப்பையைக் கொட்டுகிறோம்.

நான் கொட்டியிருக்கிறேன். சின்ன வயசில் வீட்டுக் குப்பைக்கூடையைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே கவிழ்த்துவிட்டு வருவது என் வேலை. அது பள்ளம், பள்ளம் என்றால் குப்பை போடுகிற இடம். யாரும் தப்பு என்று சொல்லவில்லை. நானும் என் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை.

செஞ்சிக் கதையும் இதேதான். 2025 ஜூலையில் மராத்தியர்களின் 12 கோட்டைகளை உலக மரபுச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி அதில் சேர்ந்தது. அந்தச் செய்தியை நம் ஊர் வாட்ஸப் குழுக்களில் எத்தனை பேர் பகிர்ந்தோம்! சிவாஜியின் தந்தை கையிலிருந்து வந்த ஜாகிர் நம் ஊரிலேயே இருந்தது என்று அந்தக் குழுக்களில் ஒரு வரி எழுத எனக்குத் தோன்றவில்லை. வேறு யாரும் எழுதியதையும் நான் பார்க்கவில்லை.

மூன்றாவது சமாதானம்: அரசாங்கம் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை. 1958-இல் மத்திய அரசும் 1966-இல் தமிழக அரசும் பழஞ்சின்னங்களைக் காக்கச் சட்டம் போட்டன. அந்தச் சட்டங்கள் காக்கிற இடங்களில் ஆற்காட்டுத் தில்லி வாசலும் ஒன்று. முழுக் கோட்டையும் போய் ஒரு வாசல் மட்டும் எஞ்சியிருக்கிறது. அந்த ஒரு வாசலைப் பார்க்கிறபோதுதான் காலம் தாழ்ந்து விழித்துக்கொள்வது எப்படி இருக்கும் என்று புரிகிறது. அரசியல் சட்டத்தில் 51-அ பிரிவு குடிமக்களின் கடமைகளைச் சொல்கிறது. நம் கலப்புப் பண்பாட்டின் மரபைப் பேணுவது அதில் ஒன்று. அது அதிகாரிகளுக்கு எழுதிய வரி அல்ல, எனக்கும் உங்களுக்கும் எழுதியது. சாலை சரியில்லை என்றால் மனு கொடுக்கிறோம், தண்ணீர் வரவில்லை என்றால் காலிக்குடத்தோடு போய் நிற்கிறோம். அகழிக்காக ஒரு மனு எழுதி ஊரார் கையெழுத்து வாங்கியதாக என் நினைவில் எதுவும் இல்லை. நான் எழுதவில்லை என்பது நிச்சயம். கேட்காதவனுக்கு யார் கொண்டுவந்து கொடுப்பார்கள்?

மரபு என்ற பேச்சையே விட்டுவிடலாம். அகழி என்பது தண்ணீர். மழைநீரைப் பிடித்து ஊர் நடுவில் நிறுத்தி, சுற்றியிருக்கிற கிணறுகளுக்கு ஊற்றுக் கொடுக்கிற அமைப்பு. பட்டுநூலின் பசையை எடுக்கவும் சாயம் ஏற்றவும் நல்ல தண்ணீர் வேண்டும் என்று தெரிந்த தொழில்காரர்கள் நாம். அந்தக் காரணத்துக்காகவாவது அகழியைக் காப்பாற்றியிருக்கலாம். நீர்நிலையின் அருமை தெரிந்தவர்களே நீர்நிலையைத் தூர்த்தோம் என்பதுதான் மனசை உறுத்துகிறது.

இதில் எல்லோருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. மைதானத்தில் மேடை போட்ட நாம், கட்சிக் கூட்டத்துக்கு வந்து விடிய விடியக் கேட்ட நாம், நின்றிருந்த இடம் எது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. கோட்டைக் கைலாசநாதர் கோயிலுக்குப் பிரதோஷம் தவறாமல் போகிறவர்கள், அந்தப் பெயரில் இருக்கிற 'கோட்டை' எங்கே என்று தேடவில்லை. பூசிமலைக்குப்பம் மாளிகைக்குச் சைக்கிளில் போன இளைஞர்கள் சுவரில் பெயரைக் கீறிவிட்டு வந்தோம். என் கூட்டாளிகள் கீறினார்கள், நான் பக்கத்தில் நின்று சிரித்தேன். படித்தவர்கள் எழுதவில்லை. எழுதத் தெரியாத பெரியவர்களிடம் கதை இருந்தது, உட்கார்ந்து கேட்க ஆள் இல்லை. ஆரணி குப்புசாமி முதலியார் என்ற நாவலாசிரியர் நூறாண்டுகளுக்கு முன்பே துப்பறியும் கதைகளால் தமிழ் வாசகர்களைக் கட்டிப்போட்டவர். அவர் நம் ஊர்க்காரர் என்பதுகூட எனக்கு இந்தத் தேடலில்தான் தெரிந்தது.

ஒரு தறிக்காரனாக எனக்கு இதில் கூடுதல் வெட்கம். எங்கள் தொழிலில் பழசை எப்படி மதிக்க வேண்டும் என்பது பாடமாகவே இருக்கிறது. ஒரு பாவு நெய்து முடிகிறபோது கடைசி முனையை அறுத்து வீசமாட்டோம். அச்சிலும் விழுதிலும் கோத்தபடியே அதை விட்டுவைப்போம். புதுப் பாவு வந்ததும் பழைய இழை ஒவ்வொன்றோடும் புது இழை ஒவ்வொன்றைப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். விரலில் சாம்பலைத் தொட்டுத் தொட்டு, என் அம்மாவும் மனைவியும் குனிந்த தலை நிமிராமல் நாள் கணக்கில் செய்கிற வேலை அது. பிணைத்து முடித்து மெதுவாக இழுத்தால், பழைய பாவு முன்னே போக, புதுப் பாவு அதன் பின்னாலேயே அச்சுக்குள் வந்துவிடும். பழைய முனை தறியில் இல்லாவிட்டால் ஒவ்வோர் இழையையும் முதலிலிருந்து கோக்க வேண்டும். அது எவ்வளவு பெரிய பாடு என்று தறிக்காரர் வீட்டில் பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

ஊருக்கும் அப்படி ஒரு பழைய முனை இருந்தது. அகழியும் மேடும் தூணும், கிழவர்கள் சொன்ன கதையும்தான் அது. நம் பிள்ளைகளின் காலத்தை அதோடு பிணைத்திருந்தால் அவர்கள் தானாகவே இந்த ஊருக்குள் வந்திருப்பார்கள். நாம் முனையை அறுத்துவிட்டோம். இன்று என் மகள் 'எங்க நின்னு சண்டை போட்டாங்க?' என்று கேட்கிறபோது, முதல் இழையிலிருந்து கோக்க வேண்டியிருக்கிறது.

கோக்கத் தொடங்கியிருக்கிறோம். பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு வீட்டுக்காரர்கள், கூட எங்கள் பிள்ளைகள். கோட்டையைச் சுற்றி நடக்கிறோம். முதல் வாரம் அளக்கும் நாடாவைப் பிடிக்கவே தெரியவில்லை. பள்ளம் எங்கே ஆழமாக இருக்கிறது, எங்கே தூர்ந்திருக்கிறது, மேடு எந்த இடத்தில் இன்னும் தெரிகிறது என்று என் மகள் நோட்டில் எழுதுகிறாள். 80 வயதைத் தாண்டிய ஒரு பாட்டி, தான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அகழியில் அல்லி பறித்ததைச் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டோம். இப்படி எழுதியதை எல்லாம் சேர்த்து, ஊரார் கையெழுத்தோடு மனுவாகக் கொடுக்கப் போகிறோம். அகழியை அளந்து எல்லை குறிக்க வேண்டும், மிஞ்சிய இடத்தையாவது தூர்வாரித் தண்ணீர் நிறுத்த வேண்டும், தூணுக்குப் பக்கத்தில் தமிழில் ஒரு பலகை வைக்க வேண்டும். அந்தப் பலகையில் கர்னலின் பெயரோடு, பெயர் தெரியாத சிப்பாய்களுக்காகவும் ஒரு வரி இருக்க வேண்டும். இவ்வளவுதான் கேட்பது. அகழி ஓரத்தில் குடியிருக்கிறவர்களை விரோதியாக்கி இதைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. அவர்களையும் கூட்டிக்கொண்டு நடக்க வேண்டும். அந்தப் பள்ளத்தில் குப்பை கொட்டிய கைதான் என்னுடையதும்.

அந்தப் பெரியவரின் கைபேசி எண் சேலைக் கணக்கு நோட்டில் இருந்தது. போன வாரம் கூப்பிட்டேன். யார் என்று சொன்னதும் சேலையில் ஏதாவது பாக்கி இருக்கிறதோ என்று நினைத்துவிட்டார்.

"பாக்கி இருக்குதுங்க ஐயா, என் பக்கம்" என்றேன். "அன்னைக்கு நீங்க கோட்டையப் பத்திக் கேட்டீங்க. ஒண்ணும் இல்லீங்கன்னு சொல்லிட்டேன். தெரியாம சொன்னது. இருக்குதுங்க. பனந்தோப்பு இருந்த பக்கத்த இன்னும் தேடிக்கினு இருக்கறோம். கிளைவ் உள்ள வர முடியாம நின்ன அகழி கொஞ்சம் மிச்சம் இருக்குது. நீங்க வந்தா என் பொண்ணே கூட்டிக்கினு போய்க் காட்டும்."

கொஞ்ச நேரம் மறுமுனையில் பேச்சு இல்லை. பிறகு, "பேத்திக்கு ஆவணியில கல்யாணம் பேசியிருக்கோம் தம்பி. சேலை எடுக்க உங்க வீட்டுக்குத்தான் வருவோம். அப்ப போய்ப் பாத்துடுவோம்" என்றார்.

ஆவணிக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. நான் சொன்னது மறுபடியும் பொய்யாகிவிடாமல் பார்த்துக்கொள்ள இந்த ஊருக்கு இருக்கிற தவணை அது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன், மைதானத்து முனையில் நிற்போம். வாங்க.